எந்தச் சமயமும் சாராதவர் பிரிவில் ஓர் இடம்

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய பெரிய மைத்துனர் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஆண்டவர் அருளால் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முறைக்காகப் பொய் எழுத என்னிடம் இனிப் பொய் கையிருப்பு இல்லை. இந்தத் தியான இல்லத்துக்கு வந்த முதல் சாயங்காலமே இருந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். வந்தவுடன் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு பேனாவும் கொஞ்சம் வெள்ளைத் தாளும் கொடுத்து, உள்ளத்தில் எழுவதை அப்படியே எழுதுங்கள் என்றார்கள். என் உள்ளத்தில் திரும்பத் திரும்ப எழுவது தாங்கள்தான், மச்சான். அதனால் தங்களுக்கே எழுதுகிறேன். ரொட்டி கொண்டுவரும் வண்டிக்காரர் தபாலில் போட்டுவிடுவார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஏனென்றால் தங்கள் யோசனைகள் தங்களுக்கு மறந்துபோகும். பலனை அனுபவிக்கிறவனுக்குத்தான் நினைவிருக்கும். என் ஒரே மகள், தங்கள் செல்ல மருமகள், போன வருஷம் சாப்பாட்டு மேஜையில் வைத்து, இனி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரப்போவதில்லை, நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்றே தனக்குத் தெரியவில்லை என்று சொன்னாள். நான் என்ன செய்தேன்? ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்தேன். பேசினேன். குடிநீர் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்றாலும், ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஞாயிறுதோறும் மறைக்கல்வி நடத்தி, எந்தக் கேள்விக்கும் பதிலை விரல் நுனியில் வைத்திருப்பவன் நான். அவள் கேட்காத கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் சொன்னேன். சூப் ஆறியது, தங்கள் தங்கை எடுத்துப்போய்ச் சுடவைத்தாள், மறுபடியும் ஆறியது. அடுத்த மாதமே மகள், தான் கண் பரிசோதகராக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மாவோடு போனில் மணிக்கணக்காகப் பேசுகிறாள். நான் வாங்கிக் காதில் வைத்தால், "சரிப்பா, ஆள் காத்திருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் கண்ணைக் காட்ட ஆள் காத்திருக்கும் ஆஸ்பத்திரியை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் வீட்டில் அவள் நாற்காலியில் இப்போது துவைத்த துணிகளை மடித்து வைக்கிறோம், மச்சான். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில்தான், கன்னியர்கள் நடத்தும் இந்த இல்லத்தில் மதம் சாராதவர்களையும் வரவேற்று ஒரு மௌனத் தியானம் நடக்கிறது, அதற்கு மகள் போகிறாள் என்று தங்கள் தங்கை வாய்தவறிச் சொன்னாள். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது மாதிரி இருந்தது. பிள்ளை தானாகவே கோயில் வாசல் வரை வருகிறாள். உள்ளே கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டாமா? தங்களிடம் ஓடி வந்தேன். "எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். தாங்கள் எப்போதெல்லாம் அப்படிச் சொன்னீர்களோ அப்போதெல்லாம் நான் ஏதாவது ஒரு பள்ளத்தில் விழுந்திருக்கிறேன்; அந்தச் சமயம் பார்த்து அது ஞாபகம் வரவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டினீர்கள். திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கான இடமெல்லாம் நிரம்பிவிட்டது, எந்தச் சமயமும் சாராத தேடுவோர் பிரிவில் மட்டும் ஒன்று காலி என்று திரை சொன்னது. நான் வாயைத் திறப்பதற்குள் அதை அமுக்கிவிட்டு, "உள்ள போயிட்டா அப்புறம் யார் கேக்கப்போறா?" என்றீர்கள். யார் கேட்கப்போகிறார்களா? எல்லோரும் கேட்டார்கள், மச்சான்.

வாசலில் இறங்கினேன். இல்லத்துத் தலைவி, ஓட்டப் பந்தயத்துக்குப் போடுகிற காலணி போட்ட நெட்டையான சிஸ்டர், பையைக் கையில் வாங்கிக்கொண்டே, எந்தச் சமயத்தையும் சாராதவர் நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாவம், அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். என் அறையில் ஏற்கெனவே ஒருவர் தரையில் சம்மணம் போட்டு, துருத்தி ஊதுவதுபோல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் தெரியாது, நான் வைத்த பெயர் மூச்சுக்காரர். நீங்களும் எங்கேயும் ஒட்டாமல் தேடிக்கொண்டிருப்பவர்தானா என்று அவர் கேட்டார். நான் எதிலும் இல்லை என்றேன். தொண்டை வறண்டு, தேநீர் வாங்கலாம் என்று சமையலறைக்குப் போனால், சமையற்காரர் கரண்டியும் கையுமாக என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஐயா முகம் பழகின முகமா இருக்கே, எங்கேயோ கோயில் பாடகர் குழுவில பாத்த மாதிரி" என்றார். அந்தப் பக்கமே நான் போனதில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது மூன்றாவது முறை என்று உறைத்தது. சேவல் கூவுமுன் சீடர் ஒருவர் ஆண்டவரைத் தெரியாதென்று மூன்று முறை மறுதலித்த கதையை எத்தனை பிள்ளைகளுக்குக் கண்ணில் நீர் வர நடத்தியிருக்கிறேன்! நல்லவேளையாக இந்த இல்லத்தில் சேவல் கிடையாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. தேநீரைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

சரி, எப்படியும் மௌனம் தொடங்குவதற்கு முன் மகளைப் பிடித்துவிட வேண்டும் என்று முன்வாசல் படியிலேயே நின்றேன். தாங்களும் நானும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பயிற்சி செய்த பேச்சு முழுவதும் மனப்பாடமாக இருந்தது: அன்பாக ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் கண்டித்து, கடைசியில் அம்மாவின் உடம்பைச் சொல்லி முடிப்பது. அவள் வந்த பேருந்து எங்கே நின்றுவிட்டு வந்ததோ, எல்லோரும் உள்ளே போன பிறகுதான் முதுகில் பையோடு கேட்டைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நின்றாள். நான் "அம்மாடி" என்பதில் "அம்" வரைக்கும் வந்துவிட்டேன். சிஸ்டர் மணியை அடித்துவிட்டு, உதட்டில் விரலை வைத்துப் புன்னகை செய்தார். கடைசி நாள் காலை உணவு வரை அவ்வளவுதான், ஒரு வார்த்தை கிடையாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே வாயை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார்கள். மகள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். மீதி "மாடி" இன்னும் என் தொண்டையில்தான் இருக்கிறது.

அதன் பிறகு பட்டதைச் சொல்லி மாளாது. மனிதன் நாக்கை அடக்கலாம், கையை எப்படி அடக்குவது? சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்ததும் சிலுவை அடையாளம் போட என் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. நெற்றியைத் தொட்ட பிறகுதான் நான் மதமில்லாதவன் என்பது ஞாபகம் வந்தது. பாதியில் நிறுத்தினால் சந்தேகம் வருமே என்று நெற்றியைச் சொறிந்தேன். கை கேட்கவில்லை, நெஞ்சுக்கு இறங்கியது, அங்கேயும் சொறிந்தேன். பிறகு இடது தோள், வலது தோள். கொசுக்கடி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், எதிரே இருந்த மூச்சுக்காரர் கண்ணை அகல விரித்து என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். அடுத்த வேளை சாப்பாட்டுக்கு அவரும் நெற்றி, நெஞ்சு, தோள், தோள் என்று வரிசை தப்பாமல், ஒவ்வொரு சொறிதலுக்கும் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, பிறகுதான் கரண்டியை எடுத்தார். அவரைப் பார்த்து, கழுத்தில் பல்லி பச்சை குத்திய ஒரு வாலிபரும் பிடித்துக்கொண்டார். இப்போது சமயம் சாராதவர்கள் மேஜை முழுவதும் சாப்பிடுமுன் சொறிந்துகொள்கிறது. ஏதோ பழைய துறவிகளின் பயிற்சி என்று எண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது. பேசக் கூடாதென்பதால் யாரும் என்னைக் கேட்கவும் இல்லை, நான் இல்லையென்று சொல்லவும் வழியில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதை என்று பாடத்தில் படித்திருக்கிறேன், இப்போதுதான் கொட்டு வாங்குகிறேன்.

ஜெபக்கூடத்தில் இன்னும் மோசம். நற்கருணைப் பேழைக்கு முன்னால் போனதும் ஐம்பது வருஷப் பழக்கத்தில் வலது முழங்கால் மடங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் பார்க்கிறார்களே என்று, ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் அப்படியே குனிந்துகொண்டேன். ஷூவை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தேன். வெறுங்காலில் எந்த நாடாவை அவ்வளவு கவனமாகக் கட்டினேன் என்று பல்லிக்காரர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

சிஸ்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தினமும் சாயங்காலம் அவர் மட்டும் நாலு வார்த்தை பேசுகிறார். கடவுளை நம்புகிறவர்கள் உட்காருங்கள், நம்பாதவர்களும் உட்காருங்கள், தெரியாது என்கிறவர்களும் உட்காருங்கள், யாரும் யாரையும் எதற்காகவும் மாற்றப்போவதில்லை, கேள்வியோடு சும்மா இருங்கள் என்கிறார். நல்ல அம்மாதான், குறை சொல்லவில்லை. ஆனால் கேள்வியோடு சும்மா இருப்பதா? எதிரே கேள்வியெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்க, பதிலை வாய் நிறைய வைத்துக்கொண்டு ஒருவன் மெத்தையில் சம்மணம் போட்டிருக்கிற அவஸ்தையை அவர் அறியமாட்டார். இரண்டாம் நாள் அந்த அவஸ்தையிலேயே தூங்கிவிட்டேன். குறட்டையும் விட்டிருக்கிறேன். விழித்தபோது என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தலையணை இருந்தது. மகள் தன் இடத்தில் தலையணை இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

அவள் போக்கே எனக்குப் பிடிபடவில்லை. சூப்பில் உப்பில்லை என்று நான் கண்ணால் மேஜையைத் துழாவினால், உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்துகிறாள். கை நீட்டினால், என் ரத்தக் கொதிப்பு ஞாபகம் வந்ததோ என்னவோ, திரும்ப இழுத்துக்கொள்கிறாள். வேலை நேரத்தில் எங்கள் இரண்டு பேரையும் சிஸ்டர் பாத்திரத் தொட்டியில் சேர்த்து விட்டார். அவள் கழுவ, நான் துடைக்க வேண்டும். நான் துடைத்து வைத்ததை அவள் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறாள், மறுபடி கழுவுகிறாள், என்னிடமே நீட்டுகிறாள். கண்ணாடி பார்க்கிற தொழில் புத்தி. ஒருநாள் துணிந்து, ஜெபக்கூடம் இருக்கும் திசையை முகவாயால் காட்டி, உன்னையும் என்னையும் என்று விரலால் சைகை செய்து, வா போகலாம் என்று அவசரமாகத் தலையாட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்து நடைவழியில் கூட்டிப்போய், கழிப்பறைக் கதவைத் திறந்துவிட்டாள். வேண்டாம் என்பதற்கு என்ன சைகை என்று யோசித்துக்கொண்டே உள்ளே போய் நின்றுவிட்டு வந்தேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் சிஸ்டர்களுக்குச் சிற்றாலயத்தில் பூசை நடக்கிறது. விருப்பமுள்ளவர்கள் வரலாம். மதமில்லாதவன் எந்த முகத்தோடு போவது? போனால் வாய் தானாகப் பதில் ஜெபம் சொல்லும், கால் தானாக நற்கருணை வரிசையில் நிற்கும். அப்புறம் உண்மையாகத் தேடி வந்த யாரோ ஒருவரின் இடத்தைப் பொய் சொல்லிப் பிடித்தவன் என்று மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள், மகளை ஒரு வார்த்தை கேட்காமலே நான் வீடு திரும்ப வேண்டும். காய்ச்சலிலும் பூசையை விடாதவன் நான், தாங்களே அறிவீர்கள். அதனால் தோட்டத்துக் குழாயை எடுத்துக்கொண்டு சிற்றாலயத்து ஜன்னலோரம் செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல் நிற்கிறேன். நேற்று உள்ளே அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடித்தபோது கண்ணை மூடிவிட்டேன். திறந்து பார்த்தால் ஒரே தொட்டியில் விட்டுக்கொண்டிருந்த தண்ணீர் நிரம்பி வழிந்து, பாதை முழுவதும் ஓடி, அந்தப் பக்கம் நின்றிருந்த மகளின் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியாது. தண்ணீரை வீணாக்கினால் அபராதம் போட்டுக்கொண்டிருந்தவன் நான். குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு அறைக்கு வந்து, மூச்சுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொஞ்சம் அழுதேன். தங்கள் தங்கையிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

இன்று சாயங்காலம் எல்லாம் உடைந்துவிட்டது. முடிவில் எல்லோரும் சேர்ந்து ஒரு சிறு பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். சிஸ்டருக்கு எல்லா வரமும் கொடுத்த ஆண்டவர் சுருதியை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார். அவர் இழுக்க, மூச்சுக்காரர் பின்னால் இழுபட, பல்லிக்காரர் தனியாக ஒரு பாதையில் போக, முதல் நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நான் இன்று என்னை மறந்து அடிக்குரலில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான், கூடமே என் பின்னால் வந்தது. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள், தோள்கள் குலுங்கின. சிரித்தாளோ அழுதாளோ எனக்குத் தெரியவில்லை. தகப்பன் இங்கேயும் வந்து மானத்தை வாங்கிவிட்டான் என்றுதான் நினைத்திருப்பாள். ஒரு வார்த்தை பேசாமலே முன்பு இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன், மச்சான். பேசியும் கெட்டேன், பேசாமலும் கெட்டேன்.

ஆகவே தங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது: இந்தக் கடிதம் கண்டதும் காரை எடுத்துக்கொண்டு வந்து சேருங்கள். பெரிய குடிநீர்க் குழாய் எங்கேயோ வெடித்துவிட்டது, இவர் வந்தால்தான் அடைக்க முடியும் என்று சிஸ்டரிடம் சொல்லுங்கள். ஓய்வு பெற்றவரை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால், தயவுசெய்து எல்லாம் நான் பாத்துக்கறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இனிமேல் தங்கள் கம்ப்யூட்டர் இருக்கும் தெருப்பக்கமே நான் வரப்போவதில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஆண்டவர் அவர்களைக் கண்ணின் மணிபோல் காத்து, அவர்களுக்குத் தகப்பன் பேச்சைக் கேட்கும் காதையும், எனக்கு மைத்துனர் பேச்சைக் கேளாத காதையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
எதிலும் சேராதவனாய் உட்கார்ந்திருக்கும்
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: காரை எடுக்க வேண்டாம். குழாய் எங்கேயும் வெடிக்கவில்லை. ரொட்டி வண்டி நாளைக் காலையில்தான் வரும் என்பதால் உறையை ஒட்டாமல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வாசலில் சிஸ்டர் நின்று, ஒன்றும் கேட்காமல், பாட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நாளைக்குப் பாட வேண்டிய பாட்டின் பக்கத்தில் அடையாளத் தாள் வைத்திருந்தது. தட்டு வந்தது, மேஜையே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை எடுக்குமுன் எதிரே மகள் எடுத்தாள். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள், சின்ன வயதில் நான் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்ததுபோலவே நிதானமாகச் சொறிந்துகொண்டு, என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். நான்தான் முதலில் சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன். அவளும் மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள், மூச்சுக்காரருக்குப் புரை ஏறிவிட்டது.

பிறகு தொட்டியடியில் பாத்திரம் கழுவும்போது, தலையைத் தூக்காமலே மெல்லச் சொன்னாள்: "நாளைக்குப் பூசைக்குப் போங்கப்பா. எனக்காக வெளியில நிக்க வேண்டாம். நீங்க வர்ற வரைக்கும் நான் எங்கேயும் போயிடமாட்டேன்."

மொட்டை மாடியில் நாம் பயிற்சி செய்தது ஒரு வரி விடாமல் எனக்கு ஞாபகம் இருந்தது, மச்சான். அன்பாக ஆரம்பிக்கும் இடம், கண்டிக்கும் இடம், அவள் அம்மாவின் உடம்பு, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. கையிலிருந்த தட்டைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த தட்டுதான்.